கிழிந்த தமனியைத் தைக்கும் கைகள்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

25 ஆண்டுகளாகக் கல்விப் பணி ஆற்றிவரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவிற்கு என்னை அழைத்தபோது, கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். அப்பொருள் குறித்துப் பேச என்னினும் தகுதி வாய்ந்த பெரியோர்கள் இம்மேடையிலேயே வீற்றிருக்கிறார்கள். ஆகவே, நான் அன்றாடம் கண்ணாற் கண்டு, கையாற் செய்துவரும் ஒரு பணியைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன், இசைந்தார்கள். நான் மருத்துவன் அல்லன். இருதய அறுவை அரங்கில், இருதயமும் நுரையீரலும் ஓய்ந்திருக்கும் வேளையில் அவற்றின் வேலையைச் செய்யும் இயந்திரத்தை இயக்குபவன். அந்த அரங்கில் நள்ளிரவிலும் விடியலிலும் நாங்கள் அவசரமாகக் கூடுகிற ஒரு நோயைப் பற்றியே இன்று சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு வீட்டுச் செய்தி. என் தாய்மாமன் கொத்தனார் வேலை செய்தவர். இரத்த அழுத்தம் மிகுதியாக இருக்கிறதென்று சொல்லி அவருக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். "எனக்கு ஒரு நோவும் இல்லையே, எதற்கு மாத்திரை?" என்று சில மாதங்களில் நிறுத்திவிட்டார். ஒருநாள் மாலை வேலைத்தலத்தில் நின்றுகொண்டிருந்தவர், முதுகில் யாரோ கத்தியால் கிழித்தது போலிருக்கிறது என்று கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அழைத்துச் சென்ற இடத்தில் வாயுத் தொல்லை என்று மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடியுமுன் அவர் உயிர் பிரிந்தது. அப்போது நான் பள்ளி மாணவன். பல ஆண்டுகள் கழித்துப் பாடப் புத்தகத்தில் இந்நோயின் அறிகுறிகளைப் படித்தபோது, என் மாமன் சொன்ன சொற்களே அங்கே அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு திடுக்கிட்டேன். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை; எனவே அதுதான் என்று நான் அறுதியிட்டுக் கூற மாட்டேன். ஆயினும் அன்றிலிருந்து இந்நோய் எனக்கு வெறும் பாடமாக இருக்கவில்லை.

நோயின் தன்மை

நம் இருதயத்திலிருந்து புறப்படும் மிகப் பெரிய இரத்தக் குழாய்க்குப் பெருந்தமனி என்று பெயர். மருத்துவர்கள் அயோர்ட்டா என்பார்கள். இருதயத்திலிருந்து மேலே எழுந்து, கழுத்தின் அடியில் கைத்தடியின் பிடி போல வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே வயிறு வரை இறங்குகிறது. தொடக்கத்தில் அதன் விட்டம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். சுவரின் கனமோ ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். இருதயம் நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் 5 லிட்டர் அளவு இரத்தம் இக்குழாய் வழியே பாய்கிறது. ஒவ்வொரு துடிப்பின் வேகத்தையும் முதலில் தாங்குவது இந்தச் சுவரே.

இச்சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளே மெல்லிய வழவழப்பான ஏடு; நடுவே மீள்தன்மை கொண்ட தடித்த அடுக்கு; வெளியே உறை போன்ற அடுக்கு. ஏதோ ஒரு கணத்தில் உள்ளேடு கிழிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருதயம் நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. அழுத்தத்தோடு வரும் இரத்தம் அக்கிழிசலில் நுழைந்து, நடு அடுக்கை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிறது. பலகையில் ஒட்டிய தாளின் ஓரம் பெயர்ந்தால், அதன் அடியில் புகும் நீர் தாளை மேலும் மேலும் உரித்துக்கொண்டு போவதில்லையா? அதைப் போலத்தான். இப்போது ஒரே குழாயினுள் இரண்டு வழிகள்: இரத்தம் செல்ல வேண்டிய உண்மை வழி ஒன்று, சுவருக்குள் புதிதாக உண்டான பொய் வழி மற்றொன்று. இதுவே பெருந்தமனிச் சுவர்ப் பிளவு.

பொய் வழி வீங்க வீங்க உண்மை வழி நெரிபடுகிறது. மூளைக்குச் செல்லும் கிளை அடைபட்டால் பக்கவாதம் வருகிறது. இருதயத் தசைக்குச் செல்லும் கிளை அடைபட்டால் மாரடைப்பு வருகிறது. சிறுநீரகம், குடல், கால் என்று எந்த உறுப்பின் கிளை நெரிந்தாலும் அந்த உறுப்பு பட்டினி கிடக்கிறது. அடியில் இருக்கும் வால்வு சரிந்து இரத்தம் பின்னோக்கிக் கசிவதும் உண்டு. எல்லாவற்றினும் கொடியது, வெளியடுக்கும் வெடித்து, இருதயத்தைச் சூழ்ந்த பைக்குள் இரத்தம் நிரம்பி, இருதயம் விரிய இடமின்றி நின்றுவிடுவது.

மேலெழும் பகுதியில் பிளவு இருந்தால் அதை முதல் வகை என்றும், அப்பகுதியைத் தொடாமல் கீழிறங்கு பகுதியில் மட்டும் இருந்தால் இரண்டாம் வகை என்றும் கொள்ளும் முறை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்களால் 1970இல் வகுக்கப்பட்டது. முதல் வகையில், அறுவை செய்யாவிடில் தொடக்கத்தின் 48 மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் நூற்றுக்கு ஒருவர் முதல் இருவர் வரை இறக்கின்றனர் என்பது நெடுங்காலமாக மருத்துவ நூல்கள் சொல்லிவரும் கணக்கு. ஆகவே இங்கே நாளைக் கணக்கிடுவதில்லை, மணியையே கணக்கிடுகிறோம்.

ஓர் அரசரின் மரணம்

இந்நோய் ஆண்டியையும் அரசனையும் ஒன்றாகவே பார்ப்பது. 1760ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் காலையில் இங்கிலாந்தின் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் கழிவறையில் வீழ்ந்து இறந்தார். அவருடைய மருத்துவர் ஃபிராங்க் நிக்கல்ஸ் உடலைத் திறந்து பார்த்தார். இருதயப் பையில் இரத்தம் உறைந்து நிரம்பியிருந்தது. பெருந்தமனியின் உட்புறத்தில் குறுக்கே ஒரு கிழிசல் இருந்தது. கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தார். இந்நோயைப் பற்றிய தொடக்ககாலத் தெளிவான குறிப்புகளுள் ஒன்று அதுவே. மன்னருக்கு உதவ அன்று எந்த மருத்துவராலும் இயலவில்லை. அதன் பிறகும் நெடுங்காலம் இந்நோய் பெரும்பாலும் பிணத்திலேயே கண்டறியப்பட்ட நோயாக இருந்தது.

தையல் கற்ற அறுவை மருத்துவம்

கிழிந்ததைத் தைக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. ஆனால் துடிக்கும் குழாயை, ஒழுகாமலும் அடைபடாமலும் தைப்பது எப்படி என்பதை மருத்துவ உலகம் வெகுகாலம் அறிந்திருக்கவில்லை. 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு, வயிற்றினுள் பெரிய இரத்தக் குழாய் அறுந்து இறந்தார். அந்நகரின் இளம் மருத்துவ மாணவர் அலெக்சிஸ் காரெல் இதை எண்ணி எண்ணி வருந்தினார். இரத்தக் குழாயைத் தைக்கும் முறையைக் காண முனைந்த அவர், தையலைக் கற்றுக்கொள்ளச் சென்றது யாரிடம் தெரியுமா? பட்டு நகரமாகிய லியோனில் பூத்தையல் வேலை செய்துவந்த லெருதியே என்னும் பெண்மணியிடம்! மிக நுண்ணிய ஊசியும் மெல்லிய நூலும் கொண்டு தாளின் மீது தையல் பழகினார். 1902இல் தம் முறையை வெளியிட்டார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து, மாற்றுக் குழாய் தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1908இல் பிறந்தவர். சிறுவனாக இருக்கையில் தாயிடம் தையல் கற்றவர். 1950களின் தொடக்கத்தில் கடைக்குச் சென்று நைலான் துணி கேட்டார். அது தீர்ந்துவிட்டது, புதிதாக வந்த டேக்ரான் இருக்கிறது என்றார்கள். அதை வாங்கி வந்து, மனைவியின் தையல் இயந்திரத்தில் தாமே குழாயாகத் தைத்தார். உடல் அத்துணியை ஏற்றுக்கொண்டது. இன்றும் எங்கள் அரங்கில் பிரித்தெடுக்கும் மாற்றுக் குழாய், அதே டேக்ரான் நூலால் நெய்யப்பட்டதே. 1954இல் அவர் பெருந்தமனிப் பிளவுக்கு அறுவை செய்தார். டென்டன் கூலி, ஆஸ்கர் கிரீச் ஆகிய இருவருடன் சேர்ந்து, 6 நோயாளிகளின் வரலாற்றை 1955இல் வெளியிட்டார். இந்நோய்க்கான அறுவைச் சிகிச்சையின் தொடக்கம் அதுவே.

டென்டன் கூலி என்ற பெயரைச் சொன்னவுடன் எனக்கு வேறொரு பெயரும் நினைவுக்கு வருகிறது. 1944 நவம்பர் 29ஆம் நாள், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், உடல் நீலம் பாய்ந்த ஒரு குழந்தைக்கு ஆல்பிரட் பிளேலாக் அறுவை செய்தார். பயிற்சி மருத்துவராக அங்கே நின்றவர்களுள் கூலியும் ஒருவர். பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு படிப்பலகை மீது நின்று, தையலின் ஒவ்வொரு படியையும் சொல்லிக் கொடுத்தவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பினத்தவர். தச்சரின் மகன். மருத்துவம் படிக்கச் சேர்த்த பணம் வங்கி முறிந்தபோது போயிற்று. 1930இல் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தவருக்குத் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரில்தான் சம்பளம் எழுதினார்கள். அந்த அறுவையை ஆய்வுக்கூடத்தில் விலங்குகளிடம் பலமுறை செய்து தேர்ந்த கைகள் அவருடையவை. ஆயினும் நோயாளியைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. பின்னாளில் புகழ் பெற்ற அறுவை மருத்துவர்கள் பலர் அவரிடம் கற்றவர்கள். கூலி அதை மறைத்ததில்லை. 1976இல் அதே பல்கலைக்கழகம் தாமஸுக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது.

இளைஞர்களே! பூத்தையல்காரி, ஊசி பிடிக்கக் கற்பித்த தாய், தச்சர் மகன் - இவர்களின் கைத்திறன் இன்றி இந்த அறுவை பிறந்திருக்க முடியாது. கையால் செய்யும் தொழிலைத் தாழ்வென்று கருதிய சமுதாயங்களில் இவ்வறிவு வளர்ந்திருக்குமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நம் பாட்டன்மாரின் கைகளில் இருந்த திறனுக்கு ஏடு மட்டுமே துணையில்லாதிருந்தது. அந்த ஏட்டைத் தருவதற்கே இக்கழகம் 25 ஆண்டுகளாக உழைத்திருக்கிறது.

அரங்கினுள்ளே

இனி, அரங்கினுள் நடப்பதைச் சொல்கிறேன். நோயாளி மயக்கத்தில் ஆழ்த்தப்படுகிறார். மார்பெலும்பு நடுவே பிளக்கப்படுகிறது. இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்தப்படுகிறது. வலது அக்குளின் அருகிலுள்ள தமனியிலோ, தொடைத் தமனியிலோ குழாயைப் பொருத்தி என் இயந்திரத்தோடு இணைக்கிறார்கள். உடலின் இரத்தம் இயந்திரத்துக்கு வந்து, உயிர்வளி பெற்று, மீண்டும் உடலுக்குச் செல்கிறது. ஜான் கிப்பன் என்பவர் பிலடெல்பியாவில் 1953 மே 6ஆம் நாள் முதன்முதலில் வெற்றியுடன் பயன்படுத்திய இயந்திரத்தின் வழித்தோன்றலே இது. அதை உருவாக்கும் நீண்ட ஆய்வில் அவருடைய மனைவியும் உடனுழைத்தார்.

பிறகு நான் இரத்தத்தைக் குளிர்விக்கிறேன். 37 பாகை வெப்பத்திலிருக்கும் உடல் 28 பாகைக்கோ, சில வேளைகளில் 18 பாகை வரைக்கோ இறங்குகிறது. ஏன்? பெருந்தமனியின் வளைவைத் திறந்து தைக்கும்போது, அங்கே இரத்தம் ஓடலாகாது. இரத்தமின்றிச் சில நிமிடங்களில் மூளை அழியும். குளிர்ந்த உடலோ குறைந்த உயிர்வளியில் பொறுத்திருக்கும். ராண்டல் கிரீப்பும் அவருடைய குழுவினரும் 1975இல் எடுத்துக்காட்டிய வழி இது. இப்போது அக்குள் தமனி வழியாக மூளைக்கு மட்டும் சிறிதளவு இரத்தம் அனுப்பியும் காக்கிறோம்.

ஒரு கட்டத்தில் மருத்துவர் "நிறுத்துங்கள்" என்பார். நான் உடலுக்குச் செல்லும் ஓட்டத்தை நிறுத்துவேன். அரங்கில் பேச்சு அடங்கும். இருதயம் துடிக்கவில்லை, மூச்சு இல்லை, கருவியின் திரையில் கோடு நேராக ஓடுகிறது. கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பேன். மருத்துவர் பிளந்த பகுதியை வெட்டி அகற்றுகிறார். பிரிந்த அடுக்குகளைக் கம்பளித் துணி போன்ற பட்டைகளுக்கு இடையே வைத்து ஒன்றாகச் சேர்க்கிறார். ஈரத் தாள் போலாகிவிட்ட அச்சுவரில், இழுத்தால் கிழியும், தளர்ந்தால் ஒழுகும். அந்த நடுநிலையில் ஒவ்வொரு தையலும் விழ வேண்டும். டேக்ரான் குழாயின் ஒரு முனை தைத்து முடிந்ததும், ஓட்டத்தை மீண்டும் தொடங்கி, உடலை மெல்ல மெல்லச் சூடேற்றுகிறேன். அதற்குள் மறுமுனையும் தைக்கப்படுகிறது. வால்வு சரிந்திருந்தால் அது நிமிர்த்தப்படும். அடிப்பகுதி முழுவதும் சிதைந்திருந்தால், வால்வு பொருத்திய குழாயை வைத்து, இருதயத் தசைக்குச் செல்லும் இரு கிளைகளையும் அதில் பதிக்கிறார்கள். 1968இல் இலண்டனில் ஹ்யூ பென்டால் வெளியிட்ட முறை அது.

பின்னர் இருதயம் தானே துடிக்கத் தொடங்கும். எத்தனை முறை கண்டாலும் அந்தக் கணத்தில் என் கண் கலங்குவதுண்டு.

எல்லோரும் பிழைக்கிறார்களா? இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து 1996 முதல் நடத்திவரும் பதிவேட்டின்படி, முதல் வகைக்கு அறுவை செய்துகொண்டோரில் இறப்பவர் விகிதம் தொடக்கத்தில் நூற்றுக்கு 25ஆக இருந்து, 2013 வாக்கில் 18ஆகக் குறைந்தது. நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் பிழைக்கிறார்கள் என்பதே இதன் பொருள். இரண்டாம் வகையில் பெரும்பாலும் மார்பைத் திறக்க வேண்டியதில்லை. இரத்த அழுத்தத்தையும் துடிப்பையும் மருந்தால் தணிக்கிறார்கள். உறுப்புகளுக்கு இரத்தம் தடைப்பட்டாலோ, வெடிக்கும் நிலை வந்தாலோ, தொடை வழியாகத் துணி போர்த்திய ஸ்டென்ட் செலுத்தி, கிழிசலின் வாயை உள்ளிருந்தே மூடுகிறார்கள். 1999இல் வெளியான ஆய்வுகள் இவ்வழியைத் திறந்தன.

இரண்டு வாழ்க்கைகள்

ஃப்ளோ ஹைமன் என்னும் கறுப்பினப் பெண் அமெரிக்கக் கைப்பந்து அணியின் தலைசிறந்த வீராங்கனை. ஆறடிக்கு மேல் ஐந்து அங்குல உயரம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியில் ஆடியவர். 1986 ஜனவரி 24ஆம் நாள் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின்போது, களத்திலிருந்து வெளியே வந்து அமர்ந்தவர் சரிந்து விழுந்து இறந்தார். வயது 31. பிரேதப் பரிசோதனையில் பெருந்தமனிப் பிளவு என்று தெரிந்தது. மார்ஃபான் என்னும் பரம்பரைக் குறைபாடு அவருக்கு இருந்ததை அதுவரை யாரும் கண்டறியவில்லை. மிகுந்த உயரம், நீண்ட கைகள், மெல்லிய நீள் விரல்கள், கண் குறைபாடு ஆகியவை அதன் வெளித்தோற்றங்கள். உள்ளே தமனிச் சுவர் வலுவிழந்திருக்கும். அவர் இறந்த பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தார்கள். அதே குறைபாடு தெரியவந்து, அறுவை செய்யப்பட்டது. ஒருவரின் இறப்பைப் பற்றிய அறிவு இன்னொருவரைக் காத்தது.

மற்றொருவர் நான் முன்பு சொன்ன டிபேக்கியே. 2005 டிசம்பர் 31ஆம் நாள், 97 வயதில், தனித்திருந்தபோது அவருக்குக் கடும் மார்புவலி வந்தது. தம் நோய் இன்னதென்று தாமே உணர்ந்தார். முதலில் அறுவை வேண்டாமென்றார். 2006 பிப்ரவரியில் நினைவிழந்தபோது, இம்முதுமையில் அறுவை செய்வது தகுமா என்று மருத்துவர்களிடையே பெரும் விவாதம் எழுந்தது. அவருடைய மனைவி உறுதியாக நின்றார். அவரோடு நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் தலைமையில், அவரே வகுத்த முறையில் அறுவை நடந்தது. நீண்ட மருத்துவமனை வாசத்துக்குப் பின் வீடு திரும்பிய அவர், 2008 ஜூலை 11 வரை, நூறாவது பிறந்த நாளுக்கு இரண்டு மாதங்கள் இருக்கும் வரை வாழ்ந்தார்.

நாம் செய்ய வேண்டுவது

இவ்வளவும் கேட்ட பின், நம் தெருவுக்கும் நம் வீட்டுக்கும் இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

முதலாவது, இரத்த அழுத்தம். பெருந்தமனி பிளந்து வருவோரில் நால்வரில் ஏறத்தாழ மூவருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது என்பதே பதிவேடு சொல்லும் பாடம். அது வலியில்லாத பகைவன். 30 வயது கடந்த ஒவ்வொருவரும் அளந்து பாருங்கள். மாத்திரை தந்தால், உடம்பு நன்றாக இருக்கிறது என்று எண்ணி நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இம்மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. வந்ததை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டால் பயனில்லை. புகையிலையையும் விடுங்கள்.

இரண்டாவது, வலி. முன்னறிவிப்பின்றி, மார்பிலோ முதுகிலோ தோள்பட்டைகளுக்கு நடுவிலோ, கிழிப்பது போல, வந்த கணத்திலேயே உச்சத்தில் நிற்கும் வலி வந்தால் சோடாவும் கைவைத்தியமும் வேண்டாம். உடனே 108 ஊர்தியை அழையுங்கள். மாரடைப்பு என்று எண்ணி இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தால், இந்நோயில் அதுவே தீங்காகும். ஆகவே, மருத்துவரிடம் வலி வந்த விதத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு கைகளிலும் இரத்த அழுத்தம் அளந்தால் வேறுபாடு தெரியலாம்; சி.டி. ஸ்கேன் எடுத்தால் பிளவு தெரிந்துவிடும். "ஐயா, இது தமனிப் பிளவாக இருக்குமா?" என்று பணிவோடு கேட்பதில் குற்றமில்லை. என் மாமனுக்காக அன்று அப்படிக் கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது, குடும்பம். ஒரு வீட்டில் ஒருவருக்கு இந்நோய் வந்தாலோ, இளவயதில் காரணம் தெரியாமல் ஒருவர் திடீரென இறந்தாலோ, உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் எக்கோ பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அறுவை செய்து பிழைத்தவரும் ஆயுள் முழுவதும் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, குறித்த காலத்தில் ஸ்கேன் எடுத்து வர வேண்டும். ஏனெனில், கீழ்ப்பகுதியில் பொய் வழி எஞ்சியிருக்கக்கூடும்.

நான்காவது, உங்கள் படிப்பு. ஓர் அறுவை அரங்கில் மருத்துவர் மட்டும் இல்லை. செவிலியர், மயக்க உதவியாளர், கதிர்ப்படம் எடுப்பவர், என்னைப் போல் இயந்திரம் இயக்குபவர் என்று பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஓர் உயிர் மீளும். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையே என்று மனமுடைந்து வீட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். அந்தப் பத்துப் பேருக்கும் தனித்தனிப் படிப்புகள் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்கள் விசாரியுங்கள். என்னையும் வந்து கேளுங்கள்.

என் மாமன் கட்டிய சுவர்கள் இன்னும் எங்கள் ஊரில் நிற்கின்றன. ஒரு கல்லும் பிசகாமல் நூல் பிடித்துக் கட்டியவர் அவர். அவருடைய உள்ளே இருந்த 2 மில்லிமீட்டர்ச் சுவரைக் காக்கும் அறிவு மட்டும் அன்று நம்மிடம் இல்லை. இன்று இருக்கிறது. அதை வீடுதோறும் கொண்டு சேர்ப்பது இளைஞர்களாகிய உங்கள் கடமை.